பதினேழாவது போல்ட்

நீங்கள் கடைசியாக ஒரு பொருளை, அடுத்தவர் சொன்னதை நம்பி அல்லாமல், கிட்டே போய்க் குனிந்து உங்கள் சொந்தக் கண்ணால் எண்ணிப் பார்த்தது எப்போது? அவசரப்பட்டு "நேற்றுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊரில் நன்றாகப் படித்த, லென்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த இருபத்து இரண்டு ஆண்கள் பதினோரு ஆண்டுகளாக எண்ணவில்லை. எண்ண வேண்டிய பொருளோ முப்பது டன் எடையுள்ள பழைய போர் டாங்கி. அவர்கள் கூடும் மண்டபத்துக்கு நேர் எதிரே, பூங்காவில், தாழ்வான சிமெண்ட் மேடைமீது அது நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அதன் நிழலில்தான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போவார்கள்.

எண்ணியவர் பல்செட் அக்கா.

அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒற்றை ஜன்னல் அறையில் பல்செட் செய்கிறார். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அக்கா அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகு வைத்து, பல் பதித்து, ஈறு நிறத்துக்கு மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அலமாரியில் ஊராரின் தாடைகள் பெயர்ச்சீட்டோடு வரிசையாக இருக்கும். தெருவில் யாராவது வாய் கொள்ளாமல் சிரித்தால், மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா கடைவாய்ப் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் டாங்கிக்கு வந்தது மழையால். பொம்மைக் கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது, கண்ணாடிக்குள் ஒரு பெட்டி திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் குட்டிக் குட்டிச் சக்கரங்கள், மூடிகள், கொக்கிகள். செயற்கைப் பற்கள் மெழுகுப் பட்டையில் ஆறு ஆறாக ஒட்டி வருமே, அதே மாதிரி. போர்க்கால டாங்கி ஒன்றை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, நாமே வெட்டி ஒட்டிக்கொள்ளச் செய்த பெட்டி. அக்கா வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குத் தாமதமான பல்செட் ஒன்றே ஒன்று. அது பேச்சைக் குறைக்க வேண்டிய ஒருவருடையது என்று அக்கா இன்றும் சொல்வார்.

"ஆளக் கொல்ற வண்டிய வச்சு வெளையாடுறியே, உனக்கு வேற பொம்ம கெடைக்கலையா?" என்று அவர் தங்கை கேட்டதுண்டு.

"யாரையும் சுடாத டாங்கி உலகத்துல எங்கிட்ட மட்டும்தான்டி இருக்கு" என்றார் அக்கா. "எல்லா டாங்கியும் இந்த அளவுல இருந்தா நல்லதுதானே?"

இந்த விளையாட்டில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொன்னால்தான் மேற்கொண்டு கதை புரியும். போர் நடக்கும்போது தொழிற்சாலைக்காரர்கள் ஒரே டாங்கியை ஒரே மாதிரி செய்துகொண்டிருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எதையாவது மாற்றினார்கள். சதுர மூடி வட்டமாகும், ஆரக்கால் சக்கரம் தட்டுச் சக்கரமாகும். அதனால் ஒரே டாங்கிக்கு முன்வகை, நடுவகை, பின்வகை என்று உண்டு. பெட்டியில் மூன்றுக்கும் சாமான் இருக்கும். நாம் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து அதற்கு உரியதை மட்டும் ஒட்ட வேண்டும். முன்வகை உடம்பில் பின்வகை மூடியை வைத்துவிட்டால் அதற்குப் பெயர் வகைப் பிழை. அந்தச் சொல்லை எங்கள் ஊர்ச் சங்கத்தில் உச்சரிக்கும் தொனியைக் கேட்டால், ஏதோ குடும்பமே தலைகுனியும்படி நடந்துவிட்டது போலிருக்கும்.

சங்கம் என்றேன். மாதிரிப் போர் வண்டிக் கலைஞர்கள் சங்கம். அக்கா சேர்ந்த கதை வேடிக்கையானது. அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். சேருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துவிட்டு வரும்படி அக்கா அவரை அனுப்பினார். சங்கச் செயலாளர், தெருமுனை மருந்துக்கடைக்காரர், படிவத்தை எடுத்து அவர் பெயரையே எழுதிவிட்டார்.

"எனக்கு இல்லீங்க, எங்க வீட்டம்மாவுக்கு" என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கென்ன, அவங்களும் வரட்டும். குடும்பத்தார்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல போட்டுடுவோம்."

ஆக, வாழ்நாளில் ஒரே ஒரு விமானம் ஒட்டி, அதன் இறக்கையைத் தலைகீழாக வைத்த மனிதர் முழு உறுப்பினர் ஆனார். கூட்டத்துக்குப் போவார், பிஸ்கட் சாப்பிடுவார், கை தூக்கச் சொன்னால் தூக்குவார். ஆண்டுக்கு மூன்று டாங்கி செய்யும் அக்கா குடும்பத்தார். ஆண்டுக் கண்காட்சியில் உறுப்பினர்களின் டாங்கிகளுக்கு மண்டபத்தின் நடுவில் பச்சைத்துணி விரித்த முதன்மை மேசை. குடும்பத்தாருக்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மடக்கு மேசை. அங்கே காகிதப் பூக்களுக்கும் கிளிஞ்சல் பொம்மைகளுக்கும் நடுவே அக்காவின் டாங்கி நின்றது. பார்வையாளர்கள் அதன்மேல் கைப்பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

அக்கா கேட்டார். ஒரு முறை இல்லை, ஆறு ஆண்டு கேட்டார். கடைசியில் செயற்குழு கூடி ஒன்பதாம் விதியை எழுதியது. "வகைப் பிழையுள்ள மாதிரிகள் முதன்மை மேசையில் இடம்பெறா, அவை குடும்பப் பிரிவில் வைக்கப்படும்." பார்த்தால் பொதுவான விதி. ஆண் என்றோ பெண் என்றோ ஒரு சொல் கிடையாது. அநியாயத்தை எழுதத் தெரிந்தவர்கள் அதில் பெயர் போடுவதில்லை. உறுப்பினர் ஒருவரின் டாங்கியில் பிழை இருந்தால் "சிறு தவறு, இரண்டு மதிப்பெண் குறைப்பு" என்றார்கள். அக்காவின் டாங்கியில் அதே இருந்தால் "வகைப் பிழை, ஒன்பதாம் விதி" என்றார்கள். சக்கரத்தை முன்னும் பின்னும் மாற்றி மாட்டிய ஒரு பேங்க் மேனேஜர் ஒரு வருடம் மூன்றாம் பரிசே வாங்கினார்.

இதையெல்லாம் தீர்மானிப்பவர் போல்ட் சார். எடை அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தராசுக்காரர்களை நடுங்க வைத்த கண். நேர்மையானவர்தான், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேர்மையானவர் தவறு செய்தால் அதைத் திருத்துவது அயோக்கியனைத் திருத்துவதைவிடக் கடினம். அவரிடம் அந்த டாங்கியைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. ஊரில் வேறு எவரிடமும் கிடையாது. யாருக்கும் இரவல் தரமாட்டார். அதன் வரைபடப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். அந்தப் படத்தில், நடுவகை டாங்கியின் பின்தகட்டின் கீழ்விளிம்பில் போல்ட்டுகள் பதினேழு.

பெட்டியில் வந்த பிளாஸ்டிக் தகட்டில் பதினாறு.

"கம்பெனிக்காரன் கோட்ட விட்டுட்டான்" என்று தீர்ப்பளித்தார் போல்ட் சார். அன்றிலிருந்து சங்கத்தார் எல்லோரும் மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைச் சீவி, கடுகில் பாதி அளவுக்கு ஒரு போல்ட் செய்து, இடதுகோடியில் பதினேழாவதாக ஒட்டினார்கள். யார் அதை அழகாக ஒட்டுகிறார் என்பதில் போட்டிகூட இருந்தது.

அக்கா ஒட்டவில்லை. போன ஆண்டு அவர் டாங்கியைப் போல்ட் சார் திருப்பிப் பார்த்தார். லென்ஸ், அதற்குப் பின்னால் ஒரு கண், அதற்குக் கீழே வாய்க்குள் ஓடும் எண்ணிக்கை.

"பதினாறுதான் இருக்கு."

"ஆமா சார். பூங்காவுல இருக்கறதுலயும் பதினாறுதான்."

"புத்தகத்துல பதினேழு."

"புத்தகத்தப் பாத்து டாங்கி செஞ்சாங்களா, டாங்கியப் பாத்து புத்தகம் போட்டாங்களா சார்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். போல்ட் சார் சிரிக்கவில்லை. சீட்டை எடுத்து எழுதினார்: "பின்தகட்டில் போல்ட் எண்ணிக்கை மாறுபாடு. வகைப் பிழை." கையெழுத்து, தேதி, முத்திரை. அக்காவின் டாங்கி காகிதப் பூவுக்குப் போயிற்று.

அக்கா சும்மா இருக்கவில்லை. புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். "படத்துல நிழல் விழுந்திருக்கு" என்றார் போல்ட் சார். வெயில் இல்லாத நாளில் இன்னொரு படம் எடுத்தார். "அது பூங்காவுக்கு வந்தப்புறம் எத்தன தடவ பெயிண்ட் அடிச்சிருப்பாங்க? ஒரு போல்ட் விழுந்திருக்கும். ஓட்டைய அடச்சுப் பூசியிருப்பாங்க. காட்சிக்கு வச்சத ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா" என்று முடித்துவிட்டார்.

கவனித்தீர்களா? அசல் டாங்கியே தப்பு, ஜெராக்ஸ்தான் சரி. இந்த நோய் டாங்கிச் சங்கத்துக்கு மட்டும் உரியது இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆண்டு, பூங்காவில் அந்த டாங்கியை நிறுத்தி ஐம்பது ஆண்டு நிறைகிறது. அதனால் எல்லோரும் அதே நடுவகை டாங்கியைத்தான் செய்ய வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. அக்காவும் செய்தார். பதினாறு போல்ட்டோடு. இன்னொரு முறை மடக்கு மேசைக்குப் போகத் தனக்கு மனமில்லை என்று கணவரிடம் சொன்னார்.

"போனா?"

"போனா இதோட விட்டுடுறேன். பெட்டியெல்லாம் உங்க தம்பி வீட்டுக்குக் குடுத்துடுங்க."

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கையில், காலை ஏழு மணிக்கு, அக்கா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பியபோது, மெக்கானிக் கேட்காமலே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

பையில் இருந்தது பல் அச்சு எடுக்கும் இளஞ்சிவப்பு மாவு, ரப்பர்க் கிண்ணம், கரண்டி, இருப்பதிலேயே பெரிய தட்டு. பூங்காக் காவலாளி ஓடி வந்தார். அவருடைய மேல்வரிசைப் பல் அக்கா செய்தது.

"என்னக்கா, டாங்கிக்குச் சொத்தப் பல்லா?"

"அளவு எடுக்க வந்தேன். உன் செட்டு எப்படி இருக்கு, கடிக்குதா?"

"அது நல்லாதான் கடிக்குது. நான்தான் மெல்லறதுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கேன். அக்கா, ஏறக்கூடாதுன்னு போர்டு இருக்கு."

"ஏறலியே. தரையிலதான நிக்கிறேன்?"

"தொடக்கூடாதுன்னும் இருக்கு."

"நான் தொடலப்பா. மாவுதான் தொடுது."

காவலாளி யோசித்துப் பார்த்தார். போர்டில் மாவைப் பற்றி எதுவும் இல்லை.

அக்கா மாவில் தண்ணீர் விட்டுச் சரசரவென்று குழைத்தார். தட்டில் நிரப்பி, பின்தகட்டின் இடதுகோடியில், பதினேழாவது போல்ட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடித்தார். மெக்கானிக் டாங்கியை நிமிர்ந்து பார்த்து, "ஆ காட்டு, கொஞ்ச நேரம்தான், வலிக்காது" என்றார்.

"ரெண்டு பேரும் பேச்சுக் குடுக்காதீங்க, அது வாய மூடிடப் போவுது" என்றார் அக்கா.

மூன்று நிமிடத்தில் அச்சு ரப்பராக இறுகிக் கழன்று வந்தது. இந்த அச்சு காய்ந்தால் சுருங்கிவிடும். ஈரத்துணியில் சுற்றி, நேரே மாடியறைக்குக் கொண்டுபோய் பிளாஸ்டரை ஊற்றினார். அரை மணியில் டாங்கியின் ஒரு துண்டு, வெள்ளை வெளேரென்று, ஊராரின் தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

ஓட்டையை அடைத்திருந்தால் சின்னக் குழியோ மேடோ தெரியும் என்றுதான் அக்கா எதிர்பார்த்தார். குழியும் இல்லை, மேடும் இல்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். ஐம்பது வருடப் பெயிண்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒன்று வெள்ளைப் பிளாஸ்டரில் மெல்ல எழுந்து வந்தது. ஓர் எழுத்து, மூன்று எண்கள். இரும்பை வார்த்தபோதே தொழிற்சாலையில் போட்ட புடைப்பு எண். அது சரியாகப் பதினேழாவது போல்ட்டின் இடத்தில் இருந்தது. எண்ணின் மேல் எவனும் போல்ட் அடிக்கமாட்டான். அந்த இடத்தில் ஒருநாளும் போல்ட் இருந்ததில்லை.

அக்கா கத்தவில்லை, குதிக்கவில்லை. தாடைகளுக்குக் கட்டும் சீட்டு ஒன்றை எடுத்து, "நோயாளி: டாங்கி. புகார்: ஒரு பல் அதிகம் என்கிறார்கள்" என்று எழுதிக் கட்டினார்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் காலை பதிவு. எல்லோரும் டாங்கியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவுக்குப் பிறகு மாதிரியில் யாரும் எதையும் மாற்றக்கூடாது என்பது போல்ட் சாரே கொண்டுவந்த விதி. இருபத்து இரண்டு டாங்கிகள் பதிவாகின. இருபத்து மூன்றாம் உறுப்பினரான மெக்கானிக் எதுவும் செய்யாததால் பிஸ்கட்டை மட்டும் பதிவு செய்தார். கடைசியாக அக்கா.

போல்ட் சார் லென்ஸை எடுத்தார். "அம்மா, போன வருஷமே சொன்னேன்."

அக்கா பிளாஸ்டர்த் துண்டை மேசைமேல் வைத்தார். விளக்கைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கவாட்டில் பிடித்தார். எண் எழுந்தது. கூட்டம் நெருங்கியது. போல்ட் சார் இரண்டு நிமிடம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து, தன் பையிலிருந்து அந்தப் புத்தகத்தையே எடுத்தார். அசலை அவர் சபையில் திறந்தது அதுவே முதல் முறை.

"இது ஆதாரம்னா இது என்ன? நீங்களே பாருங்க. பதினேழு."

"கொஞ்சம் தரீங்களா சார்? பக்கத்தத் திருப்பமாட்டேன்."

அக்கா பார்த்தார். பல் வேலையில் ஒரு கொக்கிக் கம்பி உண்டு. சொத்தையா வெறும் கறையா என்று சுரண்டிப் பார்க்க. அதைப் பையிலிருந்து எடுத்தார்.

"சார், இந்தப் பதினாறும் அச்சு மை. காகிதத்துக்குள்ள எறங்கியிருக்கு. பதினேழாவது மேல உக்காந்திருக்கு. தடவிப் பாருங்க, வெரலுக்கே தெரியும்."

போல்ட் சார் தடவினார். அவர் மனதில் ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை தோன்றியிருக்க வேண்டும். மேசை, விரித்துவைத்த புத்தகம், சாம்பல் பெயிண்டில் தோய்ந்த தூரிகை.

"எடுங்க" என்றார் மெதுவாக.

அக்கா கம்பி முனையால் ஒரு தட்டுத் தட்டினார். பதினோரு ஆண்டாக இருபத்து இரண்டு பேர் சீவிச் சீவி ஒட்டிய பதினேழாவது போல்ட், ஒரு சொட்டுக் காய்ந்த பெயிண்டாகக் கம்பி முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் சுதாரித்தார். செயலாளர் என்றால் சும்மாவா?

"இப்ப என்ன, எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு சொல்றேன். பூங்காவுல இருக்கறது ஒரு தனி வகைன்னு வச்சுக்குவோம். பூங்கா வகை. அக்கா செஞ்சது அந்த வகையில குத்தமே இல்லாத டாங்கி. தனியா ஒரு சின்ன மேச போட்டு, முன்னாடியே வச்சுடலாம். பரிசும் குடுத்துடலாம். மத்த இருபத்தி ரெண்டும் அது பாட்டுக்கு நடுவகை."

பலர் தலையாட்டினார்கள். உலகத்தில் இல்லாத ஒரு டாங்கி வகையைக் கண்டுபிடிப்பது, தான் தவறிவிட்டேன் என்று சொல்வதைவிட அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

"தனி வகையும் வேணாம், தனி மேசையும் வேணாங்க" என்றார் அக்கா. "நான் செஞ்சது நடுவகை. இந்தச் சீட்ட மட்டும் படிச்சுட்டு, அப்புறம் ஒன்பதாம் விதியப் படிங்க."

போன ஆண்டுச் சீட்டை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் படித்தார். போல்ட் எண்ணிக்கை மாறுபாடு என்றால் வகைப் பிழை. பிறகு விதி. வகைப் பிழையுள்ள மாதிரிகள் முதன்மை மேசையில் இடம்பெறா, அவை... படித்துக்கொண்டே வந்தவரின் குரல் நடுவில் நின்றுவிட்டது.

"அவை எங்க வைக்கப்படும்னு போட்டிருக்கு? சத்தமாப் படிங்க, பின்னாடி கேக்கல" என்றார் மெக்கானிக், வாயில் பிஸ்கட்டோடு.

"அது வந்து, அந்த விதி நமக்குன்னு எழுதல" என்றார் பேங்க் மேனேஜர்.

"யாருக்குன்னு எழுதினீங்க?" என்று கேட்டார் அக்கா.

இந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எவரும் சொல்லவில்லை. பதினேழாவதைப் பிளேடால் சீவிவிடலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். பதிவுக்குப் பின் எதையும் மாற்றக்கூடாது என்று இன்னொருவரே அவருக்கு ஞாபகப்படுத்தினார். எல்லோரும் போல்ட் சாரைப் பார்த்தார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் எடைக்கல்லில் அரை கிராம் குறைந்தாலும் கடையைப் பூட்டியவர். தன் டாங்கியை இரண்டு கையாலும் எடுத்தார். முதல் பரிசு உறுதி என்று எல்லோரும் நினைத்திருந்த டாங்கி. கழிப்பறை வழிக்குப் போய், தன் மனைவி செய்த காகிதப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"விதின்னா விதிதான்" என்றார். திரும்பி வந்து அக்காவின் படிவத்தில் "பிழையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவரிடமிருந்து அது கிடைக்காது என்று அக்காவுக்குத் தெரியும்.

மறுநாள் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். நடுவில் நீளமான பச்சை மேசை, அதன்மேல் ஒரே ஒரு டாங்கி. கழிப்பறை வழியில் மடக்கு மேசை கால் வளைந்து நிற்க, அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்று இடிக்காத குறையாக இருபத்து இரண்டு டாங்கிகள். அவற்றுக்கு நடுவே பூக்களும் கிளிஞ்சலும். மேலே "குடும்பப் பிரிவு" என்ற அட்டை. பேங்க் மேனேஜர் பக்கத்திலேயே நின்று, கைப்பையை வைக்க வந்த ஒவ்வொருவரிடமும், "அம்மா, அதுமேல வைக்காதீங்க, ஆறு மாச உழைப்பு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசம்தானே? ஆறு வருஷம் என் டாங்கி மேல எத்தன பை" என்றார் அக்கா, அந்தப் பக்கமாகக் கை கழுவப் போகையில்.

பதினோரு மணிக்கு அவசரச் செயற்குழு கூடியது. பதினொன்று பத்துக்கு ஒன்பதாம் விதி ரத்தானது. ஆறு ஆண்டு கேட்டுக் கிடைக்காதது பத்து நிமிடத்தில் கிடைத்தது. வலி இடம் மாறினால் அவ்வளவு வேகம். மருந்துக்கடைக்காரர் அட்டையைக் கழற்றினார். எல்லா டாங்கிகளும் நடு மேசைக்கு வந்தன. போல்ட் சாரின் மனைவி, யாரும் கூப்பிடாமலே, தன் பூக்களையும் எடுத்துவந்து டாங்கிகளுக்கு நடுவில் வைத்தார். எவருக்கும் தடுக்கத் தைரியம் வரவில்லை. புதிய உறுப்பினர் படிவத்தில் அக்காவின் பெயர் தனிக் கோட்டில் ஏறியது. குடும்பத்தார் கட்டத்தில் மெக்கானிக்கைப் போடலாமா என்று செயலாளர் தயங்கியபோது, "போடுங்க, எனக்கு பிஸ்கட் வந்தா சரி" என்றார் அவர்.

அக்கா வென்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவர் நடு மேசைக்கு வருவதற்கு ஒரு முப்பது டன் டாங்கிக்கே பல் அச்சு எடுக்க வேண்டியிருந்தது. பேங்க் மேனேஜர் சக்கரத்தை மாற்றி மாட்டியும் அங்கேயேதான் இருந்தார். தப்பே செய்யாமல் இருந்தால் உன்னையும் சமமாக நடத்துகிறோம் என்று ஒருவருக்கு மட்டும் சொல்வதற்குப் பெயர் தரம் இல்லை, திமிர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் போகும் சங்கத்திலோ அலுவலகத்திலோ கோயிலிலோ நூலகத்திலோ, ஓரமாக ஒரு மடக்கு மேசை போட்டு அதற்கு மரியாதையான ஒரு பெயர் எழுதி வைத்திருப்பார்கள். நாளைக்குப் போனதும் அதைத் தேடுங்கள். அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களிடம் ஆதாரம் கேட்காதீர்கள். அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மேசையின் ஒரு முனையைப் பிடித்து நடுவுக்கு இழுங்கள். மறுமுனையைப் பிடிக்கப் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுங்கள்.